இருபத்திரண்டாம் நம்பர் மலையில் இருந்தவர்

பிள்ளையைக் குளிப்பாட்டக் காய்ச்சிய சுடுதண்ணீரில் கவ்வாத்து வாசம் அடித்தது.

பொன்னையா அண்டாவைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் குனிந்து மோந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் சீவித் தள்ளும்போது வெட்டுவாயிலிருந்து கிளம்புமே, பச்சை மரமும் துவர்ப்பும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாசம், முப்பது வருடமாக அவர் மூக்குக்குள் குடியிருக்கிற அதே வாசம், ஆவியோடு ஏறி முகத்தில் படிந்தது. அடுப்பில் எரிந்தது காய்ந்த சவுக்கு விறகு. தண்ணீர் பீலிக் குழாயில் பிடித்தது. கவ்வாத்து நடந்ததோ இரண்டு மைலுக்கு மேலே, இருபத்திரண்டாம் நம்பர் மலையில். அதுவும் முடிந்து மூன்று நாளாகிவிட்டது.

"அப்பா, தண்ணியில என்னாங்க போட்டீங்க?" என்று பாயில் கிடந்த மகள் பேச்சாயி கேட்டாள். பிள்ளை பெற்றுப் பதினொரு நாள். இன்னும் முகத்தில் இரத்தம் ஊறவில்லை.

"ஒண்ணும் போடலியே புள்ள. வெறும் தண்ணிதான்."

பிள்ளையைக் குளிப்பாட்ட வந்திருந்த பக்கத்துக் காம்பரா வீட்டு அங்கம்மா சிரித்தாள். "ஒங்கப்பன் இப்ப படிச்ச மனுசனாச்சே. சுடுதண்ணியிலயும் ஏதாச்சும் எழுதிப் போட்டிருப்பாரு."

பேச்சாயியும் சிரித்தாள். பொன்னையா சிரிக்கவில்லை. அண்டாவை வெளியே எடுத்துப்போய்ச் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் பிடித்து, வேறு சட்டியில் காய்ச்சினார். கொதி வந்ததும் வாசமும் வந்தது.

அதையே விளாவிக் கொடுத்தார். அங்கம்மா காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே அந்தத் தண்ணீரை ஊற்றினாள்.

அன்று மலையிலிருந்து பனி சீக்கிரமே இறங்கியது. எல்கடுவைப் பக்கத்து மேல் தோட்டங்களில் மழைக்காலத்து மாலை அப்படித்தான். நாலு மணிக்கே எதிர் லயத்து வீட்டு வரிசை கரைந்துபோகும். ஐந்து மணிக்குத் தன் வாசற்படி கரைந்துபோகும். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பொன்னையாவுக்குத் தன் பாதங்களுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மருமகன் இந்தியாவுக்குப் போகும் பத்திர விசயமாகக் கண்டிக்குப் போயிருந்தான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மனைவி செத்து நாலு வருடம். வீட்டில் அவரும் மகளும் அந்தப் பிஞ்சும்தான்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

சரக்.

கவ்வாத்துக் கத்தி மிலாறுக் கிளையில் இறங்கும் சத்தம். சாய்த்து வைத்து ஒரே இழுப்பில் வெட்டுகிற, கைதேர்ந்தவனின் வெட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு நகர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு மறுபடியும்.

சரக்.

பன்னிரண்டு காம்பரா கொண்ட லயம் அது. நடுச்சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பி நின்றுவிடும். அதற்கு மேல், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே வெளி. ஒரு வீட்டுப் புகை இன்னொரு வீட்டுக்குப் போகும். ஒருவன் பெண்டாட்டியைத் திட்டினால் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். ஆகவே யாரோ ஒருவன் தன் காம்பராவில் விறகு சீவுகிறான் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். எழுந்து இஸ்தோப்பு வழியாக நடந்தார். ஏழாவது காம்பராவில் நின்று கேட்டால் சத்தம் எட்டாவதிலிருந்து வந்தது. எட்டாவதில் ஒரு கிழவர் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார். சத்தம் ஒன்பதாவதிலிருந்து வந்தது. கடைசிக் காம்பராவுக்குப் போனார். அங்கே கதவு பூட்டியிருந்தது. சத்தம் முதலாவது காம்பராவிலிருந்து வந்தது.

திரும்பி நடந்தார். நடுவில் நின்றார்.

இடப்பக்கம் சரக். வலப்பக்கம் சரக். தலைக்கு மேலே. பிறகு, காலுக்குக் கீழே, சீமெந்துத் தரைக்கு அடியில், மெதுவாக.

"யாராச்சும் கவ்வாத்துக் கத்தி வச்சிருக்கீங்களா?" என்று பனியைப் பார்த்துக் கத்தினார்.

"என்னா பொன்னையாண்ணே, மலையில வெட்டினது பத்தாதா?" என்று ஏதோ ஒரு காம்பராவிலிருந்து யாரோ கேலி பேசினார்கள். யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும்தான் கேட்டது.

உள்ளே ஓடிப்போய்ப் பிள்ளையைப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்தது. மூடியிருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அதன் பிறகுதான், தான் எதைத் தேடினோம் என்று தனக்கே புரிந்தது.

பொன்னையாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்தில் ஐந்து பச்சைப்பிள்ளைகள் செத்தன. எல்லாம் முப்பது நாள் தாண்டாத பிள்ளைகள். காய்ச்சல் இல்லை, இழுப்பு இல்லை. விடிந்து பார்த்தால் மூச்சு இருக்காது. உள்ளங்கை இரண்டிலும் தேயிலைச்சாறு பச்சையாக ஊறியிருக்கும். நாலாவதாகப் போனது அவருடைய தம்பி. புதைக்கக் கொண்டுபோகும் முன் அம்மா அந்தக் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். போகவில்லை.

பிறகு பெரியவர்கள் கூடி, பிள்ளைகளைக் கொண்டுபோன அதைக் கட்டினார்கள். இருபத்திரண்டாம் நம்பர் மலையில் ஒரு கல்லை நட்டு, சேவல் அறுத்து, உன் இடம் இதுதான் என்று எல்லை சொல்லி நிறுத்தினார்கள். கிழக்கே ஓடை, மேற்கே மொட்டைப்பாறை, மேலே காட்டோரக் கான், கீழே வண்டிப்பாதை. கல்லின் நாலு பக்கமும் நாலு சுண்ணாம்புப் பொட்டு. அதிலிருந்து அந்த மலையில் கவ்வாத்துத் தொடங்கும்போதெல்லாம் முதல் வெட்டுக்கு முன்னால் பூசாரி அந்த நாலு எல்லையையும் உரக்கச் சொல்வார், கூடியிருப்பவர்கள் திருப்பிச் சொல்வார்கள், பொட்டைப் புதுப்பிப்பார்கள். முனி என்று தனியாக யாரும் பேச்சில் சொல்வதில்லை. இருபத்திரண்டாம் நம்பர் மலையில் இருக்கிறவர் என்றுதான் சொல்வார்கள். இடத்தோடு சேர்த்துத்தான் பெயர். ஓடையைத் தாண்டி வந்துவிட்டால் பயமில்லை. இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நேரவில்லை.

இந்த முறை பூசாரி இல்லை. அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

"நீதானப்பா எழுதப் படிக்கத் தெரிஞ்சவன், நீயே செஞ்சிடு" என்று எல்லோருமாகப் பொன்னையாவைப் பிடித்தார்கள். ஏதோ கடுதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்து, நாடற்றவனாகிப்போன கோபத்தில், நாற்பத்தெட்டாவது வயதில் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டரிடம் அந்தி வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தவர் அவர். இரண்டு வருடத்தில் பேப்பர் வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். படிக்காதவர்கள் செய்துவைத்த பல காரியங்கள் அதிலிருந்து அவருக்கு வெட்கமாகப் பட்டன. சாமிக்கு மலை நம்பரா பெயர்? தொரைமார் தேயிலைக்குப் போட்ட நம்பரைப் போய்ச் சாமிக்கும் போடுவதா? ஓடை, பாறை, கான் என்று அடைத்து வைக்க அது என்ன, மாடா?

மாஸ்டர் ஒருநாள் பாடத்தில் ஒரு சொல் எழுதிக் காட்டியிருந்தார். ஆறு எழுத்து. அதை வாய்க்குள் உருட்டிப் பார்க்கவே பொன்னையாவுக்கு இனித்தது. மூன்று வாரத்துக்கு முன், பூசையன்று, அவர் கல்லைக் கழுவினார். நாலு பொட்டையும் தேங்காய் நாரால் தேய்த்து அழித்தார். வெள்ளைப் பெயின்றால், கை நடுங்காமல், பெரிதாக எழுதினார்: சர்வவியாபி.

"அப்புடின்னா என்னாண்ணே?" என்று கேட்டார்கள்.

"எங்கேயும் இருக்கிறவர்னு அர்த்தம்."

எல்லை சொல்லவேண்டிய இடத்தில் அந்தச் சொல்லை மூன்று முறை சொன்னார். நாற்பது பேர் மூன்று முறை திருப்பிச் சொன்னார்கள். சேவல் அறுத்தார்கள். கவ்வாத்து ஆரம்பமானது. வெட்டு நடக்கிற நாளெல்லாம் அது அங்கேதான் இருந்திருக்கும், அதற்கும் வேலை இருந்திருக்கும். மூன்று நாளைக்கு முன் கடைசிச் செடியும் வெட்டி முடிந்தது.

விடியும் முன்னமே பொன்னையா மலையேறினார். மகளிடம் அங்கம்மாவை இருத்திவிட்டுக் கத்தியும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு போனார். வெட்டி விடப்பட்ட மலை மொட்டையாகக் கிடந்தது. முழங்கால் உயரத்துக்குக் கறுத்த கட்டைகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் வெளுத்த வெட்டுவாய். ஓடையைத் தாண்டியதும் எப்போதும் போலப் பிடரி கூசும் என்று காத்திருந்தார். அந்தக் கல்லுக்கு முப்பது அடி தூரத்திலேயே எவனுக்கும் கூசும். பேசிக்கொண்டு வந்தவன் வாயை மூடுவான். நாய் திரும்பி ஓடும்.

கூசவில்லை.

கல்லின்மேல் முன்னங்கால் வைத்து ஒரு ஆடு நின்றது. மேலே தொங்கிய கொடியைச் சாவகாசமாக இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அவரைப் பார்த்துவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் மூத்திரம் பெய்துவிட்டுப் போனது.

அந்த ஆட்டைக் கண்டபோது வந்த பயம் அவருக்கு அதற்கு முன் வாழ்நாளில் வந்ததில்லை. ஆள் குடியெழும்பிப் போன காம்பராபோல இருந்தது அந்த இடம். கல் வெறும் கல்.

மண்டிபோட்டுக் கத்தியால் எழுத்துகளைச் சுரண்டினார். பெயின்ற் உரிந்து செதில் செதிலாக விழுந்தது. நாலு பக்கமும் சுண்ணாம்பு வைத்தார். கிழக்கே ஓடை என்றார். மேற்கே மொட்டைப்பாறை என்றார். குரல் எதிலும் பட்டுத் திரும்பவில்லை. யாரும் இல்லாத வீட்டு வாசலில் நின்று இந்த வீட்டைவிட்டு வெளியே போகாதே என்று சொல்வதுபோல இருந்தது. இரண்டு மைல் கீழே லயத்தில் சின்னப்பிள்ளைகள் பாண்டி விளையாடும்போது அந்தச் சொல்லைப் பாட்டாகச் சொல்வதை அவரே முந்தாநாள் கேட்டு மகிழ்ந்திருந்தார். அதையெல்லாம் எந்தக் கத்தியால் சுரண்டுவது?

அங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். தர்மராஜா மாஸ்டர் குவார்ட்டர்ஸ் வாசலில் கண்ணாடியைத் தொங்கவிட்டு முகம் மழித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுகூட இராது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலை மாறி வந்தவர்.

"என்ன பொன்னையா, வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகாமல் இங்கை வந்து நிக்கிறீர்?"

"மாஸ்டர், அந்தச் சொல்லுக்கு இன்னொருக்கா அர்த்தம் சொல்லுங்க. சர்வவியாபி."

"அண்டைக்கே சொன்னனே. எங்கும் நிறைஞ்சிருக்கிறவர்."

"அது எங்கேருந்து வந்த சொல்லுங்க?"

மாஸ்டருக்குச் சந்தோசமாகிவிட்டது. சவர்க்கார நுரையோடு திரும்பினார். "நல்ல கேள்வி. வடமொழி. சர்வம் எண்டால் எல்லாம். மிச்சம் விடாமல் எல்லாம். வியாபி எண்டதிலை, ‘வி’ எண்டால் நாலாபக்கமும். பிறகு ‘ஆப்’ எண்டு ஒரு வேர்ச்சொல். எட்டுறது, போய்ப் பிடிக்கிறது, அதுதான் அதின்ரை பொருள்."

"பிடிக்கிறதுங்களா? சும்மா இருக்கிறதுன்னு இல்லீங்களா?"

"சும்மா இருக்கிறதுக்கு இவ்வளவு பெரிய சொல் ஏன்? எல்லாப் பக்கத்தாலும் எட்டிப் பிடிச்சு, உள்ளுக்கை போய் நிக்கிறது. தண்ணியிலை உப்பு நிக்கிறமாதிரி."

"நடுவுல எங்கயாச்சும் கொஞ்சம் எடம் விட்டிருக்குங்களா?"

"இடம் விட்டால் அந்தச் சொல்லைப் பாவிக்கேலாது ஐசே." மாஸ்டர் சிரித்தார்.

"சாமியில்லாத ஒண்ணுக்கு அந்தப் பேரு வச்சிட்டா?"

"பிழைதான். அழிச்சுப்போட்டுச் சரியாய் எழுதும். அதுக்குத்தானே உமக்கு அழிறப்பரும் வாங்கித் தந்தனான்."

மாஸ்டர் கண்ணாடிக்குத் திரும்பினார். கத்தி கன்னத்தில் இழுபடும் சத்தத்துக்குப் பின்னால், சின்னதாக, வேறொரு கத்தி.

லயத்துக்கு இறங்கும் வழியிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. தன் காம்பராவை நோக்கி ஓடினார். அது தன் வீட்டு அழுகை இல்லை என்று தெரிந்ததும் நின்றார். நின்ற தன்மீதே அருவருப்பு வந்தது. கீழ் லயத்தில் இருபது நாள் பிள்ளை ஒன்று. நேற்று மாலைகூடப் பால் குடித்ததாம். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் நெஞ்சுச்சளி என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போன பொன்னையா, துணியை விலக்கி அந்தக் கையைப் பார்த்தார்.

பச்சை.

நாற்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அதே பச்சை.

வெளியே வந்தபோது நுஹ்மான் நானாவின் பழைய வேன் நின்றது. மாத்தளை டவுனிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் புடவை கொண்டுவருகிறவர். சாவு வீடு என்று அறிந்ததும் கட்டைப் பிரிக்காமலே திரும்பப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பொன்னையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானா, என் மகளையும் புள்ளயையும் ஒங்க ஊட்டுல ரெண்டு நாளைக்கு வச்சிருங்க. முப்பது நாள் ஆவுற வரைக்கும் எங்கயாச்சும் ஒரு எடம் தேடிக்கிறேன்."

எல்லாவற்றையும் சொன்னார். நுஹ்மான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இருபது வருடப் பழக்கம். பொன்னையா எதற்கும் கையேந்தி அவர் கண்டதில்லை.

"ஏறுங்கொ, ஏறுங்கொ. ஒங்கட முனி மலைல ஈக்கிறது. டவுனுக்கு வாறெண்டா அதுக்கும் பஸ் காசு வேணுமே."

பேச்சாயி புடவைக் கட்டுகளுக்கு நடுவில் சாய்ந்துகொண்டாள். பிள்ளையைப் பொன்னையா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பனிக்குள் வேன் வளைந்து வளைந்து இறங்கியது. முதல் வளைவில் வாசம் இருந்தது. நாலாவது வளைவில் இருந்தது. பிறகு தேயிலை முடிந்து மிளகுக் கொடியும் கறுவாவும் தொடங்கியபோது வெயில் அடித்தது, வாசம் மெலிந்தது. இரத்தோட்டைக் கடைவீதியில் யாரோ வாழைப்பழம் விற்றுக் கூவினார்கள். பஸ் புகை, கருவாடு, வெற்றிலை. மூக்கை விடைத்து இழுத்துப் பார்த்தார். இல்லை.

"என்ன, வருதா பின்னால?" என்றார் நுஹ்மான்.

"இல்ல நானா."

"நாந்தான் சென்னேனே."

பொன்னையாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சொல் என்பது சொன்னவர்கள் இருக்கும் இடத்தில்தான் நிற்கும் போலும். இந்த ஊர் வாய்கள் அதைச் சொன்னதில்லை. அப்படி நினைத்துக்கொண்டார்.

நுஹ்மானின் மனைவி றமீஸா பின்பக்கத்து அறையைத் திறந்து, கட்டிலில் வெளுத்த விரிப்புப் போட்டாள். "மகள், இதக் குடிச்சிட்டுப் படுங்கொ. எலும்பும் தோலுமா ஈக்கிறீங்க" என்று பேச்சாயிக்கு மல்லித்தண்ணீர் கொடுத்தாள். கல்லுச்சுவர், ஒற்றை ஜன்னல், கம்பிகளுக்கு வெளியே மதில். மழை பிடித்தது. பள்ளிவாசலில் பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நுஹ்மான் குடை பிடித்துத் தொழப் போனார். றமீஸா குசினிக்குள் போனாள். பேச்சாயி சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிப்போனாள்.

பொன்னையா கதிரையில் பிள்ளையை ஏந்தி உட்கார்ந்திருந்தார். மழைச் சத்தம் ஒரே சீராக, கனமாக, வேறு எதையும் கேட்கவிடாமல் விழுந்துகொண்டிருந்தது. நேற்றிலிருந்து முதன்முறையாக அவர் கண்கள் செருகின.

சரக்.

கண்ணைத் திறந்தார். மழை. மழைதான்.

சரக்.

மதிலுக்கு அப்பால். இல்லை, ஜன்னலுக்குக் கீழே. இல்லை. பேச்சாயியின் தலையணைக்குள். அலுமாரிக்குள், மடித்துவைத்த துணிகளின் நடுவில். வாசம் விரிப்பிலிருந்து எழுந்தது. சுண்ணாம்புச் சுவரிலிருந்து எழுந்தது. மல்லித்தண்ணீர்க் கோப்பையிலிருந்து.

எழுந்து கதவடிக்குப் போனார். எங்கே போவது? கண்டி, என்று நினைத்தார். நினைத்த அந்தக் கணத்தில் வெகுதூரத்தில், கண்டிப் பக்கத்தில், ஒரு வெட்டு விழுந்தது. கொழும்பு. அங்கும் விழுந்தது. தலைமன்னார், கப்பல். கடலுக்கு மேலே, தண்ணீரில் வெட்டுவதுபோல, மெல்ல. அக்கரை. அவர் கண்டிராத அக்கரை ஊர், அப்பா பெயர் மட்டும் சொல்லிவைத்த ஊர். அங்கே அது ஏற்கெனவே வந்து, செடியிலிருந்து செடிக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நினைக்க நினைக்க இடங்கள் தீர்ந்தன. நினைப்பதை நிறுத்தினார்.

எல்லாச் சத்தமும் நின்றது.

மழைகூட.

அவர் எண்ணாமல் விட்டது ஓர் இடம்தான்.

சரக்.

மிகப் பக்கத்தில். விலா எலும்புகளுக்கு உட்புறம். மூச்சு விட்டார், கத்தி சாய்ந்தது. மூச்சு இழுத்தார், இறங்கியது. மூச்சை அடக்கினார். அது அவருக்காகக் காத்திருந்தது.

புள்ளயக் கீழ வை, என்று தனக்கே சொன்னார். வச்சிட்டு ஓடு. ரோட்டுக்கு ஓடு. வேன், பஸ், எதுக்காச்சும் முன்னால விழு.

கைகள் கேட்கவில்லை.

"பேச்சாயி" என்று கூப்பிட்டார். உதடு அசைந்ததா என்று தெரியவில்லை. ஆனால் அவள் விழித்துக்கொண்டாள். தூக்கம் கலையாமல், மார்பு ஈரமாகி, பால் கொடுக்கும் நினைவோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"குடுங்கப்பா. பசிக்கும் அதுக்கு."

கொடுக்க விரும்பினார். தன் உடம்பின் கடைசிச் சொட்டு வரை விரும்பினார்.

"அப்பா?"

அவள் வந்து பிள்ளையின் கீழே கை கொடுத்தாள். அவருடைய விரல் ஒன்றைப் பிரித்தாள். இன்னொன்றைப் பிரிப்பதற்குள் அது மூடிக்கொண்டது. "என்னாங்கப்பா இது, விடுங்க. இறுக்காதீங்க. அப்பா, புள்ளய இறுக்காதீங்க!" குசினியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. றமீஸா ஓடி வரும் செருப்புச் சத்தம். மகள் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், நகத்தால் கீறினாள், குனிந்து கடித்தாள். வலித்தது. வலி அவருக்குத்தான். கை அவருடையதில்லை.

பிள்ளை அழவில்லை. அந்தக் கைகளுக்குள் அண்ணாந்து கிடந்து அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு அவர் கண்களைப் பார்த்தது. பிறகு கண்களுக்குள், இன்னும் கொஞ்சம் உள்ளே, அங்கே நிற்கிற யாரையோ கண்டுகொண்டு, பிறந்து பன்னிரண்டாம் நாளில், முதன்முதலாகச் சிரித்தது.